ஒரு கையெழுத்துக்கு ஆறு சிட்டம்

என் கணவருக்கு ஒரு வியாதி உண்டு. தோட்டத்துத் துரையோ, துரை வீட்டு அம்மாவோ எதைக் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் “கேன்”, அதாவது முடியும், என்று சொல்லிவிடுவார். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பல வருஷம் கணக்கெழுதும் கிராணி நாற்காலியில் உட்கார்ந்ததில் பிடித்துக்கொண்ட வியாதி அது. முடியுமா முடியாதா என்ற யோசனையெல்லாம் பிறகுதான் வரும். அதையும் அவர் யோசிக்கமாட்டார், வீட்டில் இருக்கிற நான் யோசிக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம், தோட்டத்து லோரி எங்கள் வாசலில் வந்து நின்றது. டிரைவர் ஒரு சாக்கு மூட்டையை இறக்கிவைத்து, “தொரசாணி குடுக்கச் சொன்னிச்சு” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவிழ்த்துப் பார்த்தேன். செம்மறியாட்டு ரோமம். பங்களாவுக்கு முன்னால் இருந்த புல்வெளியை மேய்வதற்கென்றே துரை ஐந்து செம்மறிகள் வளர்த்தார். அவற்றின் மேல் கத்தரித்ததை அப்படியே அமுக்கி அனுப்பியிருந்தார்கள், புழுக்கை, முள், வருஷக்கணக்கான வியர்வை எல்லாம் சேர்த்து. மேலாக ஒரு காகிதப் பை இருந்தது. அதற்குள் கம்பிப்பல் பதித்த இரண்டு பலகைகள், ஒரு தக்ளி, ஆங்கிலத்தில் படம் போட்ட ஒரு சின்னப் புத்தகம். தக்ளி என்றால் பெரிய யந்திரம் எதுவும் இல்லை. ஒரு குச்சி, அதன் அடியில் மரச் சக்கரம், தலையில் ஒரு கொக்கி.

ஐந்து மணிக்குக் கணவர் வந்தார். மூட்டையைப் பார்த்ததும் முகத்தில் ஒரு பெருமை.

“தொரசாணிக்குக் கம்பளி நூலு வேணுமாம். ஒனக்கு நூக்கத் தெரியும்னு சொல்லிட்டேன்.”

“எனக்குத் தெரியும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“வெளக்குக்குத் திரி திரிக்கிறல்ல? அதே மாதிரிதான்லா.”

பஞ்சைத் தொடையில் வைத்து ஒரு உருட்டு உருட்டி விளக்குத் திரி செய்பவளை, ஆட்டு ரோமத்தில் நூல் நூற்பவள் என்று துரைசாணியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஒரு வித்தியாசம், ஓணானைப் பிடித்தது அவர், மடி என்னுடையது.

மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். அனுப்பாததற்குக் காரணம் வேறு.

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஒரு டீச்சர் பிள்ளை உண்டாகியிருந்தார். பிரசவத்துக்கு ஈப்போவுக்குப் போகிறவர் திரும்பி வரமாட்டார், அங்கேயே மாற்றல் வாங்கிக்கொள்வார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் ஐந்தாம் படிவம் தேறியவள். என் இரண்டு பெண்களும் அதே பள்ளியில் படித்தார்கள். காலை ஏழரைக்கு அவர்கள் போய்விட்டால், பனி விலகுகிறதா என்று ஜன்னலைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. தலைமையாசிரியர் கோயிலில் பார்த்தபோது அவராகவே சொன்னார்: “கிராணியம்மா, தற்காலிக ஆசிரியர் விண்ணப்பப் பாரம் வந்திருக்கு. நீங்க போட்டா கெடைக்கும். ஆனா கிராணி கையெழுத்து அதுல இருக்கணும், பாத்துக்கங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக்கூடாது.” சொன்னதோடு நிற்காமல், மரியாதை தெரிந்த மனிதராய், பாரத்தை என் கையில் தராமல் ஆபீசுக்குப் போய்க் கணவர் கையில் கொடுத்துவிட்டார். அவர் அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

அன்றிலிருந்து நான் கேட்காத நாள் இல்லை. “பாக்கலாம்” என்பார். “கிராணி பொண்டாட்டி வேலைக்குப் போனா தொர என்ன நெனைப்பாரு, சொல்லு” என்பார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். துரைக்குக் கேன், எனக்குப் பாக்கலாம்.

ஆகவே மூட்டை வந்த அன்று நான் கறாராகப் பேசினேன். நூல் நூற்றுத் தருகிறேன், நூல் பங்களாவுக்குப் போகிற அன்று பாரத்தில் கையெழுத்து விழ வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டினார். எவ்வளவு நூல் என்று கேட்டதற்கு, ஆறு சிட்டம் என்று துரைசாணியிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். சிட்டம் என்றால் முழங்கையில் சுற்றி எடுத்து முறுக்கி வைத்த ஒரு கட்டு. எண்ணிக்கையைக்கூட அவரே சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அந்த டீச்சர் தினமும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போவார். எனக்கு அவர் வயிறுதான் நாள்காட்டி. அது பெரிதாகப் பெரிதாக என் கையில் இருந்த நாள் குறைந்தது.

முதலில் கழுவ வேண்டும். புத்தகம் இளஞ்சூடான தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னது, கசக்காதே என்றது. அழுக்கைப் பற்றி எனக்குச் சொல்லித்தர ஒரு புத்தகமா என்று நினைத்தேன். அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சோப்புத் தூள் போட்டு, ரோமத்தைக் குச்சியால் கிண்டி, துணி துவைக்கிற கல்லில் வைத்து அடித்தேன். பிள்ளைகளின் பள்ளிச் சட்டை வெளுப்பது எப்படியோ அப்படி. நாலு அடியில் அழுக்கு போனது. எட்டாவது அடியில் ரோமமும் போனது. ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, தடித்த ஒரு தகடாகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன், பிய்ந்து வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய் மிதியடி ஆன கதை. மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு அப்படிப் போனது. கணவர் அதைக் கத்திரியால் வெட்டித் தன் மழைக்காலப் பூட்சுக்குள் போட்டுக்கொண்டு, “நல்லா கதகதப்பா இருக்கு” என்றார்.

மிச்சத்தைப் புத்தகம் சொன்னபடி கழுவினேன். இனிக் காய வேண்டுமே. எங்கள் மலையில் பதினொரு மணிக்கு வெயில் தலைகாட்டும், இரண்டு மணிக்கு மழை வரும். நடுவில் இருக்கிற மூன்று மணி நேரத்தில் ஈரக் கைக்குட்டைகூட முழுசாகக் காயாது. முறத்தில் பரப்பிக் கொல்லையில் வைப்பேன், தூறலுக்கு உள்ளே எடுப்பேன், மறுபடி வெளியே வைப்பேன். ஒரு வாரம் வீடெல்லாம் நனைந்த ஆட்டு வாசம். சோறே இறங்கவில்லை. கடைசியில் விறகடுப்புக்கு மேலே கம்பி கட்டி உலர்த்தினேன். ஆட்டு வாசத்தோடு புகை வாசமும் சேர்ந்துகொண்டது.

அடுத்து, பல்லுப் பலகைகளில் வைத்துச் சிக்கெடுக்க வேண்டும். ரோமம் வறண்டு விறைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு டிரஸ்ஸர் மனைவி வந்து பார்த்தார். அவர் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அதனால் எதற்கும் ஒரு வைத்தியம் அவர் கையில் இருக்கும். “முடின்னா எண்ணெ வெக்காம சீவுவாங்களா, தங்கச்சி?” என்றார். நியாயமாகத்தான் பட்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன். போத்தலிலேயே உறைந்து கிடக்கிற எண்ணெய், அடுப்பருகே வைத்தால்தான் வெளியே வரும் என்பது நினைவில் இருந்திருக்க வேண்டும். மறுநாள் காலை குளிரில் ரோமமும் எண்ணெயும் சேர்ந்து மெழுகுவத்தியாக உறைந்திருந்தது. மறுபடி கழுவல், மறுபடி முறம், மறுபடி மழை.

நூற்பதற்கு உட்காருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. தக்ளியைச் சுழற்றிவிட்டு, ஒரு கையில் ரோமத்தைப் பிடித்து இன்னொரு கையால் மெல்ல இழுத்துக் கொடுக்க வேண்டும். சுழற்சி ஏறி ரோமம் நூலாகும். புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்தபடி நின்று நூற்றாள். நான் சுழற்றினால் மூன்று சுற்றில் நூல் அறுந்து தக்ளி என் கால் கட்டைவிரலில் விழும். எடுத்துக் கட்டுவேன், சுழற்றுவேன், விழும். மெல்லியதாக இழுத்தால் அறுந்தது. பயந்துகொண்டு தடிப்பாக விட்டால் நடுவில் ஒரு உருண்டை, மலைப்பாம்பு கோழியை விழுங்கிய மாதிரி. ஒரு மத்தியானம் பதினேழாவது தடவை அது விழுந்தபோது, எடுத்துக் கொல்லைப்பக்கம் வீசிவிட்டேன். அரைமணி நேரம் கழித்துப் போய், ஈரத்தில் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

கணவர் தேநீர் குடித்துக்கொண்டே பார்ப்பார். “கொஞ்சம் பொறுமையா செய்யணும்” என்பார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார். அந்த நேரத்தில் கையில் இருந்த குச்சியை வைத்து என்னவெல்லாம் செய்யத் தோன்றியது என்று எழுதினால் நல்லாயிருக்காது.

ஆனால் கை பழகத்தான் செய்தது. எந்த நாளில் என்று தெரியாது. ஒரு நாள் சமையலை நினைத்துக்கொண்டே நூற்றேன், அன்று நூல் அறவில்லை. அதற்குப் பிறகு கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஒற்றை நூல் உருண்டை உருண்டையாகச் சேர்ந்தது. ஒற்றை நூல் பின்னலுக்குத் தாங்காது, இரண்டை ஒன்றாக முறுக்கி இரட்டையாக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. சரியென்று முறுக்கினேன். முறுக்கிய நூல் கையை விட்டதும் சுருண்டது. சிட்டமாக்கித் தொங்கவிட்டால் உடம்பெல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்டு துள்ளியது. தண்ணீரில் நனைத்துக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். கல்லை எடுத்ததும் பழையபடி.

புத்தகத்தில் இதற்குப் படம் இருந்தது. ஒற்றை நூலுக்கு அம்புக்குறி வலப்பக்கம், இரட்டிக்கும்போது இடப்பக்கம். நான் அதை அச்சுப்பிழை என்று ஒதுக்கியிருந்தேன். தீபாராதனை சுற்றுவது வலப்பக்கம், கோயிலைச் சுற்றுவது வலப்பக்கம், திருஷ்டி கழித்தாலும் முதலில் கை வலப்பக்கம்தான் போகும். இடப்பக்கம் சுற்றுவதை நான் பார்த்தது பாடையைச் சுற்றும்போதுதான். டிரஸ்ஸர் மனைவியிடம் படத்தைக் காட்டினேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“எழவு வீட்டுலதான்மா எடப்பக்கம் சுத்துவாங்க. வெள்ளக்காரங்களுக்கு நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே பக்கம்தான். நீ அதப் பாத்துச் செஞ்சிடாத. புருசன் இருக்கிற வீடு.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நானும் பயந்தேன். எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா. பத்து நாள் வலப்பக்கமே முறுக்கி, பத்து நாளும் கெடுத்தேன். அதற்குள் டீச்சர் வீட்டில் வளைகாப்பு நடந்தது. நான் வளையல் போட்டுவிடப் போனேன். “ஈப்போவுக்குப் போக இன்னும் மூணு வாரந்தாங்க்கா” என்று டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

விடை சேலையில் கிடைத்தது. ஒரு நாள் நானும் டிரஸ்ஸர் மனைவியும் ஆளுக்கொரு முனை பிடித்து நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டிருந்தோம். நன்றாக முறுக்கேறியபோது அவர் பிடி தளர்ந்து ஒரு அடி முன்னால் வந்தார். சேலையின் நடுப்பாகம் தானாக மடிந்து தன்னைத்தானே சுற்றிக்கொண்டது. அது சுற்றிய பக்கத்தைப் பார்த்தேன். நாங்கள் முறுக்கியதற்கு எதிர்ப்பக்கம். மடிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், துள்ளாமல் அடங்கிக் கிடந்தது. வருஷக்கணக்காகச் சேலை பிழிகிறேன், ஒரு நாள்கூடக் கவனித்ததில்லை. டிரஸ்ஸர் மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் சேலையைக் கொடியில் போட்டேன்.

வீட்டுக்குள் போய் சாமி மாடத்துத் திரையை இழுத்து மூடினேன். “ஆட்டு மயிருக்குத்தான், ஆளுக்கில்ல” என்று திரைக்கு வெளியில் நின்று ஒரு தடவை சொல்லிக்கொண்டேன். பிறகு தக்ளியை இடப்பக்கம் சுழற்றினேன். இரண்டு நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சமர்த்தாக இறங்கின. கையை விட்டேன், சுருளவில்லை. அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் கொஞ்சம்தான், போன பத்து நாளை நினைத்த ஆத்திரம்தான் அதிகம். அன்று சாயங்காலம் கணவர் ஐந்து மணிக்கு முழுசாக வீடு வந்து சேர்ந்ததையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

ஆறு சிட்டம் முடிந்தது. பழுப்பு வெள்ளை, அங்கங்கே கொஞ்சம் தடிப்பு, மற்றபடி குறை சொல்ல முடியாத நூல். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பங்களாவுக்குப் போனோம். துரைசாணி கூடத்திலேயே உட்காரவைத்தார். ஒவ்வொரு சிட்டமாக எடுத்து முகர்ந்து பார்த்து, அழகு, மிக அழகு என்றார். என்ன பின்னப் போகிறீர்கள் என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்தார். தனக்குப் பின்னத் தெரியாது என்றார். ஒரு பிரம்புக் கூடையில் ஆறு சிட்டத்தையும் அடுக்கி, கணப்புக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். அலங்காரத்துக்காம்.

பிறகு அவர் சொன்னதையும் கேட்டேன். அந்த ரோமத்தை ரோஜாச் செடிகளுக்கு அடியில் புதைக்கத்தான் வைத்திருந்தாராம். யாராவது ஆளை அனுப்புங்கள் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார். அப்போது என் கணவர், என் மனைவி தாய்வீட்டில் நூல் நூற்றுப் பழகியவள், அது இல்லாமல் ஏங்கிப்போயிருக்கிறாள் என்று சொன்னாராம். பாவமாக இருந்ததாம் துரைசாணிக்கு. அதற்காகத் தன் ஊரிலிருந்து தக்ளியும் பலகையும் தபாலில் வரவழைத்தாராம்.

“இன்னும் இரண்டு மூட்டை இருக்கிறது. அதுவும் வேண்டுமா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் போய்விட்டது. “கேன், மேடம். தேங்க்யூ, மேடம்.”

இரண்டு தோளிலும் இரண்டு மூட்டையோடு அவர் தேயிலைச் சரிவில் இறங்கினார். நான் பின்னால் வந்தேன். பாதி வழியில் கேட்டேன்.

“அந்தம்மா கேக்கவே இல்ல. நீங்களா ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“என்னமோ... ஒன்னையப் பத்திப் பெருமையா ஒண்ணு சொல்லணும்னு தோணிச்சு.”

அதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும். கொஞ்சம் இளகியதும் உண்மை. “அப்ப கையெழுத்துப் போடுங்க. எம்பொண்டாட்டி டீச்சருன்னு பெருமையாச் சொல்லிக்கலாம்” என்றேன். அவர் மூட்டைகளைத் தோளில் ஏற்றிச் சரிசெய்துகொண்டார்.

“இந்த ரெண்டு மூட்டையும் முடியட்டும். பாக்கலாம்.”

எனக்கு எது தெரிந்தாலும் அவருக்குப் பெருமைதான். அவராக எடுத்து நாலு பேருக்குக் கொடுக்கிற வரைக்கும். நானாக எடுத்துக்கொண்டு வெளியே போனால் அது பெருமையில் சேராது. அந்தச் சரிவில் நடக்கும்போதுதான் எனக்கு இது புரிந்தது. புரிந்தவுடன் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை பதினொன்றரைக்கு ஆபீசுக்குப் போனேன். கிராணி வீட்டுப் பெண்கள் ஆபீஸ் படி ஏறுகிற வழக்கம் இல்லை. பெரிய கிராணி இருந்தார், இன்னும் இரண்டு கிராணிகள், வேலையாட்களின் பெயர்க் கணக்குக் கொடுக்க வந்து நின்ற ஒரு கங்காணி. என்னைக் கண்டதும் கணவர் எழுந்தே நின்றுவிட்டார். வீட்டில் யாருக்கோ என்னவோ என்று நினைத்திருப்பார்.

“பள்ளிக்கூடத்துப் பாரம் ஒங்ககிட்ட இருக்குல்ல,” என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. “குடுக்க முடியுங்களா?”

நாலு பேர் முன்னால் அவரால் முடியாது என்று சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும், அதற்காகத்தான் அங்கே போனேன். டிராயரைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. எடுத்து நீட்டினார்.

நின்றபடியே படித்தேன். மலாய் மொழியில் இருந்தது. பெயர், அடையாள அட்டை எண், பிறந்த இடம், தேர்ச்சி, விண்ணப்பிப்பவர் கையெழுத்து. பின்பக்கம் தலைமையாசிரியர் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் இடம். மறுபடி முன்பக்கத்துக்குத் திருப்பினேன், மறுபடி பின்பக்கம். கணவர் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. தலைமையாசிரியர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டு, இத்தனை நாளும் பாரத்தை ஒரு தடவை கண்ணில் காட்டுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து ஆட்டு ரோமத்தை நூலாக்கியவள் நான்.

“இத நீங்க படிச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

அவர் பெரிய கிராணியைப் பார்த்தார். பெரிய கிராணி தன் நோட்டைப் பார்த்தார்.

“பாத்தேன்.”

“எப்ப?”

“வந்த அன்னிக்கே.”

அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்தேன். அங்கேயே குனிந்து, கேட்டிருந்ததையெல்லாம் நிரப்பி, என் கையெழுத்தைப் போட்டேன். நின்று சண்டை போட எனக்கு நேரமில்லை. பள்ளிக்கூடம் ஒரு மைல் மேலே இருந்தது, தலைமையாசிரியர் பன்னிரண்டரைக்குப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்.